தோப்பு நிழலில் முளைத்த பெயர் தெரியாத செடியை அடையாளம் காண்பது எப்படி: மதுரைப் பக்கத்துக்கான முழு வழிகாட்டி

மதுரைப் பக்கம் நிழல் என்றாலே தோப்புதான். அழகர்கோயில் ரோட்டில் ஆரம்பித்து நத்தம் வரை மாந்தோப்பு, சோழவந்தான், வாடிப்பட்டி பக்கம் தென்னை, வாழை, வெற்றிலைக் கொடிக்கால். ஊருக்குள் இருப்பவர்களுக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு வேம்பும் ஒரு முருங்கையும். ஐப்பசி மழை நன்றாக இரண்டு விழுந்துவிட்டால் போதும், அந்த மரங்களின் கீழே யாரும் நடாத, யாரும் விதைக்காத செடிகள் கூட்டமாகக் கிளம்பிவிடும். அதில் பாதியை நமக்குத் தெரியும். மீதிப் பாதியைப் பார்த்துத்தான் ஃபோனை எடுத்து ஒரு படம் பிடித்து, ‘இது என்ன செடி?’ என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அப்படிப் போட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் கீழாநெல்லி என்பார், இன்னொருவர் களை என்பார், மூன்றாமவர் சர்க்கரை நோய்க்கு நல்லது என்பார். படத்தில் பச்சையாக ஏதோ இருக்கிறது, அவ்வளவுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்தப் படத்திலிருந்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான்: பெயரைக் கடைசியில் தேடுங்கள். முதலில் செடியைப் பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள், குடும்பத்தைப் பிடியுங்கள். குடும்பம் பிடிபட்டால் பெயர் தானாக வரும். பெயரில் தொடங்கினால் அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி செடியை வளைக்க ஆரம்பித்துவிடுவோம்.

கை வைப்பதற்கு முன்னால்

தோப்புக்குள் சருகு மெத்தையாகக் கிடக்கும் இடத்தில் சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் இருக்கும். அதனால் செருப்பு போதாது, ஷூ போடுங்கள், கையில் ஒரு கம்பு வைத்து முதலில் சருகைத் தட்டிவிட்டு அப்புறம் குனியுங்கள். அந்தி சாய்ந்த பிறகு இந்த வேலையே வேண்டாம்.

செடியே கடிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். செந்தட்டி என்றும் காஞ்சொறி என்றும் சொல்கிற மெலிந்த கொடி, நிழலில் மற்ற செடிகளோடு பின்னிக் கிடக்கும், பார்க்க ரொம்ப சாதுவாக இருக்கும், தொட்டால் தேள் கொட்டின மாதிரி எரியும். பூனைக்காலிக் காயின் மேலிருக்கும் பொன்னிற முடி காற்றில் பறந்து வந்து கழுத்தில் விழுந்தாலே அரிப்பு தாங்காது. பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்து முடியை நீக்கிவிட்டு, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பால் வடிகிற எந்தச் செடியைத் தொட்டாலும் கையைக் கழுவும்வரை கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

வாயில் வைத்துப் பார்ப்பது அறவே கூடாது. பழைய ஆட்கள் ஒரு இலையைக் கிள்ளி நாக்கில் வைத்துச் சொல்வார்கள், அது அவர்களுக்குப் பாதி தெரிந்த செடியை உறுதி செய்யும் வழி. நமக்கு ஒன்றுமே தெரியாத செடியில் அது விஷப்பரீட்சை. செங்காந்தள் கிழங்கை வள்ளிக்கிழங்கு மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துத் தின்றுவிட்டு உயிர் போனவர்கள் இருக்கிறார்கள், அதிலிருப்பது கோல்சிசின் என்ற கடும் நஞ்சு. அது நம் மாநில மலர் என்பதற்காக நம்மை விட்டுவிடாது.

இது செடியா, மரக்கன்றா?

நிறையப் பேர் இந்தக் கேள்வியைக் கேட்காமலே தாண்டிவிடுகிறார்கள். மரத்தடியில் முளைக்கிற ‘மர்மச் செடி’களில் நிறைய உண்மையில் மரக்கன்றுகள்தான். பறவை எச்சத்தில் வந்த விதை, வௌவால் போட்ட கொட்டை, மேலேயிருந்து விழுந்த பழம். கன்றின் முதல் இலைகள் பெரிய மரத்தின் இலை மாதிரி இருக்காது என்பதுதான் சிக்கல். புங்கம் பெரிய மரமானால் ஒரு காம்பில் ஐந்து ஏழு சிற்றிலை இருக்கும், ஆனால் கன்றில் முதலில் வருவது தனித்தனி ஒற்றை இலை. வேப்பங்கன்றின் முதல் ஜோடி இலை மூன்று பிரிவாக இருக்கும், அதைப் பார்த்து வேம்பு என்று யாருக்கும் சட்டென்று தோன்றாது.

சோதிப்பது சுலபம். தண்டின் அடியில், மண்ணை ஒட்டி, தடித்த இரண்டு விதையிலைகள் அல்லது அவை விழுந்த தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். தண்டு அடியில் கட்டை மாதிரி ஆகத் தொடங்கியிருக்கிறதா? ஒரே மாதிரிக் கன்றுகள் ஒரு பெரிய மரத்தைச் சுற்றி மட்டும் வருகின்றனவா? அப்படியென்றால் மேலே பாருங்கள், கீழே அல்ல. மரமல்லி இருக்கிற வீடு என்றால் இன்னொன்றும் உண்டு. அதன் வேர் ஓடுகிற இடமெல்லாம் குருத்து விடும், பதினைந்து அடி தள்ளி முளைத்தாலும் அது அந்த மரத்தின் பிள்ளைதான்.

இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, எந்த மரத்தடி, எவ்வளவு நேரம் வெயில் படுகிறது, மண் செம்மண்ணா கரிசலா வாய்க்கால் வண்டலா, தண்ணீர் தேங்குகிற இடமா. ஒற்றையாக நிற்கிறதா, படர்ந்து கிடக்கிறதா.

நிழலைப் பற்றி ஒரு விஷயம். ஒரே செடி வெயிலில் ஒரு மாதிரியும் நிழலில் வேறு மாதிரியும் இருக்கும். நிழலில் இலை பெரிதாக, மெல்லியதாக, கரும்பச்சையாக ஆகும், கணுவுக்குக் கணு இடைவெளி கூடும், செடி வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக நீளும். வரப்பு மேட்டில் தரையோடு தரையாகக் கிடக்கிற செடி, மாமரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். அதனால் இலையின் அளவையும் செடியின் உயரத்தையும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். தோப்பின் ஓரத்தில், வெயில் படும் வேலிப்பக்கம் அதே செடி நிற்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் நிற்கும், அங்கே பூவும் முன்னாடியே வந்திருக்கும்.

படம் எடுப்பது

நிழலில் ஃபோன் கேமரா நம்மைப் படுத்தி எடுக்கும். பின்னால் இருக்கிற வெளிச்சத்தில் ஃபோகஸ் வைத்துவிட்டு செடியை மங்கலாக்கிவிடும். செடிக்குப் பின்னால் ஒரு பிள்ளைச் சிலேட்டையோ, கறுப்புத் துணியையோ, எதுவும் இல்லையென்றால் சொந்த உள்ளங்கையையோ பிடியுங்கள், சட்டென்று ஃபோகஸ் நிற்கும். ஃபிளாஷ் வேண்டாம், முடி, பளபளப்பு எல்லாம் வெளுத்துப் போகும். காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் எடுத்தால் வெளிச்சமும் போதும், காலையில் மட்டும் விரிகிற பூக்களும் கிடைக்கும்.

எடுக்க வேண்டியவை: முழுச் செடி, தண்டோடு இலை சேரும் இடம், இலையின் மேல்புறம், அடிப்புறம், பூவை நேராக, பூவைப் பக்கவாட்டில், பூவின் பின்புறம், காய், அந்தக் காயைக் குறுக்கே வெட்டிய படம். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயமோ ஸ்கேலோ இருக்கட்டும். பூவை மேலிருந்து மட்டும் அழகாக எடுத்து வருபவர்கள்தான் அதிகம், ஆனால் அடையாளம் பெரும்பாலும் பூவின் பின்பக்கத்தில், அந்தப் பச்சைப் புல்லிவட்டத்தில்தான் ஒளிந்திருக்கிறது. இலையின் அடிப்புறமும் அப்படியே. அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் அது பூச்சியின் வேலை இல்லை, நீங்கள் பார்ப்பது ஒரு பெரணி, அந்தப் புள்ளிகள் அதன் வித்துப் பைகள். அதற்கு மருந்தடித்தவர்களை எனக்குத் தெரியும்.

செடியைப் படிப்பது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். தாவரவியல் படித்திருக்கத் தேவையில்லை, கேள்விகளை வரிசையாகக் கேட்டால் போதும்.

முதல் கேள்வி, இலை தண்டில் எப்படி உட்கார்ந்திருக்கிறது? ஒரு கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி வந்தால் மாற்றிலை, எதிரெதிராக இரண்டு வந்தால் எதிரிலை, மூன்றும் அதற்கு மேலும் சுற்றி வந்தால் வட்ட அமைப்பு. இந்த ஒரு கேள்வியே சந்தேகப் பட்டியலைப் பாதியாகக் குறைத்துவிடும். நுனியில் பார்க்காதீர்கள், அங்கே எல்லாம் நெருங்கியிருக்கும், தண்டின் நடுவில் பாருங்கள்.

அடுத்தது, நீங்கள் இலை என்று நினைப்பது உண்மையில் இலைதானா? இலைக்கும் தண்டுக்கும் நடுவில் இருக்கிற கக்கத்தில் ஒரு மொட்டு இருக்கும். மொட்டு எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் இலை தொடங்குகிறது. ஒரு காம்பில் வரிசையாகப் பத்து சிறு இலைகள், ஒவ்வொன்றின் கக்கத்திலும் மொட்டு இல்லை, அடியில் ஒன்று மட்டும் இருக்கிறது என்றால் அது ஒரே கூட்டிலை. கீழாநெல்லி இதில் நம்மை ஏமாற்றும். பார்க்க புளியிலை மாதிரி கூட்டிலை போல இருக்கும், ஆனால் ஒவ்வொரு சிறு இலையின் அடியிலும் ஒரு பூவோ காயோ தொங்கும். கூட்டிலையின் சிற்றிலைக்கு அடியில் பூ வராது. ஆக அது சிறு கிளை, அதிலிருப்பவை தனி இலைகள்.

தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள், உருண்டையா, நான்கு மூலையா? நான்கு மூலைத் தண்டு, எதிரிலை, கசக்கினால் வாசனை, உதடு பிளந்த மாதிரிப் பூ, இவ்வளவும் சேர்ந்தால் துளசிக் குடும்பம்: தும்பை, பேய்மிரட்டி எல்லாம் இதில்தான். அதே எதிரிலை, அதே உதட்டுப் பூ, ஆனால் வாசனை இல்லை, காய் நீளவாக்கில் இரண்டாக வெடித்து விதையைத் தெறிக்கவிடுகிறது என்றால் கனகாம்பரக் குடும்பம். நம் தோப்பு நிழலில் அதிகம் நடமாடுவது இந்தக் குடும்பம்தான் என்பது என் அனுபவம். நிலவேம்பு, ஆடாதோடை இரண்டும் இதுதான், எச்சிலோ தண்ணீரோ பட்டால் பட்டென்று வெடிக்கிறதே, பிள்ளைகள் விளையாடும் பட்டாசுக்காய், அதுவும் இதுதான். ஊதாப் பூவோடு சாக்கடையோரமெல்லாம் நிற்கிற அந்தப் பட்டாசுக்காய்ச் செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே ஊன்றிக்கொண்டது.

எதிரிலை இருக்கிறது, இரண்டு காம்புகளுக்கு நடுவே தண்டில் முக்கோணமாக ஒரு சின்னச் செதில் இருக்கிறது என்றால் அது இட்லிப்பூ, மஞ்சணத்தி, காரை இவற்றின் குடும்பம். லென்ஸ் இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஃபோனில் பெரிதாக்கிப் பாருங்கள். இந்தச் செதில் அவ்வளவு உறுதியான அடையாளம்.

இலையைக் கிள்ளினால் பால் வருகிறதா? எதிரிலையும் பாலும் சேர்ந்தால் முதலில் எருக்குக் குடும்பத்தை நினையுங்கள். ஜிகர்தண்டாவில் ஊற்றுகிற நன்னாரி சர்பத்துக்கு வேர் கொடுக்கிற நன்னாரிக் கொடி இதில் சேர்ந்தது. அழகர்மலை, சிறுமலை அடிவாரப் புதர்களில் இருக்கும். இலை நடுவில் வெள்ளைக் கோடு ஓடும், ஒரே கொடியில் ஒல்லி இலையும் அகல இலையும் இருக்கும், அதனால் இரண்டு செடி என்று நினைத்துவிடுவார்கள். பால் உள்ள கொடிகள் வேறும் உண்டு, வேரின் மணம் நன்னாரியை உறுதி செய்யும். அம்மான் பச்சரிசியிலும் பால் வரும், அது ஆமணக்குக் குடும்பம், பூவைப் பார்த்தால் இரண்டும் குழம்பாது.

கொடி என்றால் பற்றுக்கம்பி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இலைக்கு நேர் எதிரே வந்தால் பிரண்டை, திராட்சை கூட்டம். காம்புக்குப் பக்கவாட்டில் வந்தால் கோவை, பாகல் கூட்டம். பூங்காம்பிலேயே வந்தால் முடக்கத்தான். இலை நுனியே சுருண்டு பற்றினால் செங்காந்தள், உடனே கையை எடுத்துவிடுங்கள்.

இலைக்காம்பின் அடி தண்டைக் குழாய் மாதிரிச் சுற்றியிருக்கிறதா, நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றனவா? அப்படியென்றால் புல், கோரை, கானாவாழை போன்ற ஒருவித்திலைத் தாவரங்கள் பக்கம் போங்கள். கானாவாழை நிழலில் ரொம்ப சாதாரணம், நீலப் பூ படகு மாதிரி ஒரு மடலுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். பிடுங்கினால் மண்ணுக்கடியிலும் வெளுப்பாக, திறக்காத பூ வைத்திருக்கும், அதனால்தான் என்ன களையெடுத்தாலும் போவதில்லை.

குழப்புகிற ஜோடிகள்

மூக்கிரட்டையும் சாரணையும். இரண்டும் தரையில் படரும், இரண்டிலும் ஒரு கணுவில் ஒரு இலை பெரிது ஒன்று சிறிது. கீரை பறிக்கிறவர்களே மாற்றிப் பறிப்பதுண்டு. மூக்கிரட்டையில் பூக்கள் காம்போடு வெளியே நீண்டு கொத்தாக நிற்கும், காய் விரலில் ஒட்டும், இலையின் அடிப்புறம் வெளுத்திருக்கும். சாரணையில் பூ கணுவிலேயே, காம்படியில் உள்ள ஒரு பைக்குள் பதிந்து உட்கார்ந்திருக்கும், செடி முழுக்கச் சதைப்பற்று.

வல்லாரையும் எலிச்செவியும். இரண்டிலும் சிறுநீரக வடிவ இலை, இரண்டும் கணுவில் வேர் விட்டு ஓடும். வல்லாரைப் பூ மண்ணை ஒட்டிக் கண்ணுக்கே தெரியாத சின்னக் கொத்து. எலிச்செவியில் மஞ்சள் நிறப் புனல் பூ. பூ வரும்வரை வல்லாரை என்று சொல்லித் துவையல் அரைக்காதீர்கள்.

சிறியாநங்கை என்ற பெயரும் அப்படித்தான். சிலர் நிலவேம்பை அப்படிச் சொல்கிறார்கள், சிலர் பாலிகாலா இனத்துச் சிறு செடி ஒன்றை. ஊர்ப்பெயர் கிடைத்தால் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள்.

பூவுக்குக் காத்திருங்கள்

இலையை வைத்துக் குடும்பம் வரை போகலாம், அதைத் தாண்ட பெரும்பாலும் பூவும் காயும் வேண்டும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, அதனால் புரட்டாசிக் கடைசியில் முளைத்தது கார்த்திகை, மார்கழியில் பூக்கும், தையில் காய் முற்றும். களைவெட்டி எடுத்துக்கொண்டு போகும் ஆள் வந்தால் அந்த ஒரு செடியை மட்டும் குச்சி நட்டுக் காப்பாற்றுங்கள். பூ வந்ததும் இதழ் எத்தனை, தனித்தனியா ஒட்டியிருக்கிறதா, மகரந்தத்தாள் எத்தனை, இளங்காய் இதழுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று எழுதுங்கள். பூசணிப் பூவுக்குக் கீழே குட்டிக் காய் இருக்குமே, அதுதான் ‘கீழே’.

சில செடிகள் முறையை மாற்றிச் செய்யும். சித்திரை, வைகாசியில் கோடைமழை விழுந்ததும் தோப்பில் எலி செத்த நாற்றம் அடிக்கும், தேடிப் போனால் இலையே இல்லாமல் மண்ணைப் பிளந்துகொண்டு கருஞ்சிவப்பாக ஒரு பெரிய பூ நிற்கும். அது காட்டுக்கருணை. நாற்றம் ஈக்களையும் வண்டுகளையும் மகரந்தச் சேர்க்கைக்கு அழைக்கத்தான். பூ அழுகிப்போன பிறகு, ஒரே தண்டில் குடை விரித்த மாதிரி இலை வரும். இலையை ஒரு மாதத்திலும் பூவை வேறொரு மாதத்திலும் பார்த்தவர்கள் இரண்டும் ஒன்றென்று நம்ப மாட்டார்கள்.

செயலிகளை எப்படிக் கேட்பது

கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட், மூன்றும் நல்லவைதான், மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பிளான்ட்நெட்டில் ஒரே செடியின் பல படங்களைச் சேர்த்து, இது இலை, இது பூ, இது காய் என்று குறித்துக் கொடுக்கலாம், அப்படிக் கொடுத்தால் பதில் எவ்வளவோ தேறும். ஐநேச்சுரலிஸ்ட் நீங்கள் நிற்கிற இடத்தையும் கணக்கில் எடுக்கும், பிறகு ஆட்கள் பார்த்துத் திருத்துவார்கள்.

முதலில் வருகிற பெயரைப் பிடித்துக்கொள்ளாமல், வருகிற ஐந்தாறு பெயர்களும் எந்தக் குடும்பம் என்று பாருங்கள். எல்லாம் ஒரே குடும்பம் என்றால் செயலி சரியான தெருவில் நிற்கிறது, வீட்டு நம்பர்தான் தெரியவில்லை. ஐந்தும் ஐந்து குடும்பம் என்றால் அதற்கு ஒன்றுமே தெரியவில்லை, வேறு படம் கொடுங்கள். நீங்கள் எழுதி வைத்த குறிப்போடு ஒத்துப்போகாத பெயரை அடித்துவிடுங்கள். எதிரிலை என்று கண்ணால் பார்த்திருக்கிறீர்கள், செயலி மாற்றிலைச் செடியின் பெயரைச் சொல்கிறது என்றால் செயலிதான் தப்பு.

கன்றுகளிலும், பூ இல்லாத நிழல் இலைகளிலும் இவை அடிக்கடி சறுக்கும். நர்சரியிலிருந்து வந்து தோப்பில் தூக்கிப் போடப்பட்டு வேரூன்றிய சிங்கோனியம், மணிபிளான்ட் வகையறாவைச் சட்டென்று பிடித்துவிடும். அரிய செடியோ, வேரோடு தோண்டிப் போகிற மூலிகையோ என்றால் பொதுவில் போடும்போது இடத்தை மறைத்துவிடுங்கள்.

ஆட்களிடம் கேட்பது

ஆடு மேய்ப்பவர்கள், கீரை விற்கிற அம்மாக்கள், தோப்புக் காவல் பார்க்கும் தாத்தாக்கள் இவர்களுக்குத் தெரிந்தது எந்தச் செயலிக்கும் தெரியாது. ஆனால் கேட்கிற விதம் இருக்கிறது. ‘இது கீழாநெல்லிதானே?’ என்று கேட்டால் உங்கள் மனம் கோணக் கூடாதென்று ஆமாம் என்றுவிடுவார்கள். செடியைக் காட்டி, ‘ஆத்தா, இத ஆடு கடிக்குமா?’ என்று ஆரம்பியுங்கள். ‘வாயில வைக்காதுய்யா, வெள்ளாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும்’ என்று பதில் வந்தால் அது பெயரைவிடப் பெரிய தகவல். எந்த மாதம் பூக்கும், பழத்தைக் குருவி தின்னுமா, வேருக்கு வாசம் உண்டா, இப்படிக் கேட்டால் பெயர் பேச்சோடு பேச்சாக வந்து விழும். நாட்டு மருந்துக் கடையில் காட்டலாம், ஆனால் அவர்கள் காய்ந்த சரக்கைத்தான் தினமும் பார்ப்பவர்கள், பச்சைச் செடியில் தடுமாறுவது இயல்பு.

ஒரு செடியை முழுசாகப் பார்ப்போம்

அழகர்கோயில் பக்கத்து மாந்தோப்புகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பளவு உயரம், தண்டு சாய்ந்து பக்கத்துச் செடி மேல் விழுந்து கிடக்கும், மெல்லிய முட்டை வடிவ இலை, நுனியில் வெள்ளைப் பூக்கள் நீளமாக அடுக்கி நிற்கும்.

குறிப்பெடுப்போம். மாற்றிலை. தண்டில் நீளக் கோடுகள். பால் இல்லை, கசக்கினால் தனி மணம் இல்லை. இலைக்காம்பின் அடி கொஞ்சம் அகன்று தண்டை அணைத்திருக்கிறது. இதழ் ஐந்து, ஆனால் தனித்தனி இல்லை, அடியில் மெல்லிய நீளக் குழாயாக ஒட்டியிருக்கின்றன. நிழலில் இதே மாதிரி மாற்றிலையோடு, வெளிர் பூவை நுனியில் அடுக்கி நிற்கிற ரிவினா என்ற வெளிநாட்டுச் செடியும் உண்டு, ஆனால் அதில் இதழ் நான்கு, குழாய் கிடையாது, பூ உதிர்ந்ததும் குண்டுமணி அளவில் சிவப்புப் பழம் வந்துவிடும். ஆகவே ரிவினா இல்லை.

இப்போது பூவின் பின்பக்கம். பச்சைப் புல்லிவட்டத்தில் காம்புள்ள சுரப்பி முடிகள் நிறைய நீட்டிக்கொண்டிருக்கின்றன, விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. சின்ன எறும்பு சிக்கிக் கிடந்தாலும் ஆச்சரியமில்லை. காயும் அந்தப் பிசினோடேயே வேட்டியிலும் ஆட்டு முடியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த தோப்புக்குப் போகும். மாற்றிலை, அணைத்த காம்பு, குழாய்ப் பூ, ஒட்டும் புல்லிவட்டம், இந்த நான்கும் சேர்ந்தால் ப்ளம்பாகோ இனம்தான். வெள்ளைப் பூ என்பதால் ப்ளம்பாகோ ஜெய்லானிகா, நம் கொடிவேலி, சித்திரமூலம் என்றும் சொல்வார்கள். சிவப்புப் பூ என்றால் செங்கொடிவேலி. வெளிர்நீலம் என்றால் தென்னாப்பிரிக்காவிலிருந்து தோட்டத்துக்கு வந்த ப்ளம்பாகோ ஆரிகுலேட்டா.

பெயர் தெரிந்ததால் என்ன லாபம்? இதன் வேரில் ப்ளம்பாஜின் இருக்கிறது, அரைத்துத் தோலில் பூசினால் கொப்புளம் போட்டுவிடும், கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. சித்த மருத்துவத்தில் சுத்தி செய்துதான் சேர்ப்பார்கள். யாரோ சொன்னார்கள் என்று வேரைக் கஷாயம் வைக்கிற வேலை இதில் வேண்டாம். வேர்ப்பக்கம் போகாதவரை செடி நிழலில் அழகாக நிற்கும், விட்டுவிடலாம்.

இன்னும் உறுதி வேண்டும் என்றால்

கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவரத் தொகுப்பு 1915 முதல் 1936 வரை வந்தது, இணையத்தில் ஸ்கேன் செய்த பிரதி கிடைக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர் தாவரகத்திலிருந்து (காயவைத்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்து வைக்கும் இடம்) கே. எம். மேத்யூ கொண்டுவந்த தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரத் தொகுப்பு நமக்கு இன்னும் நெருக்கம். இரண்டிலும் ‘இப்படியா, அப்படியா’ என்று இரண்டிரண்டாகக் கேட்டு வழி காட்டும் திறவுகோல் இருக்கும், மேலே எழுதிய குறிப்பு இருந்தால் அதில் இறங்கி வரலாம். பழைய புத்தகத்தின் பெயர்கள் இப்போது மாறியிருக்கும். கேம்பிள் புங்கத்தைப் பொங்காமியா கிளாப்ரா என்பார், இன்று அது பொங்காமியா பின்னாட்டா. லண்டனில் உள்ள கியூ தாவரத் தோட்டத்தின் இணையத் தளத்தில் பழைய பெயரைத் தட்டினால் இன்றைய பெயர் வந்துவிடும்.

ஆளைப் பார்க்க வேண்டும் என்றால் மதுரைக்குள்ளேயே அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, மதுரைக் கல்லூரி எல்லாவற்றிலும் தாவரவியல் துறை உண்டு. அதற்கு மேல் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம், அங்கே சென்னை உலர் தாவரகம் என்ற பெரிய சேமிப்பு இருக்கிறது. போகும்போது வாடிய இலை ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பூ, காய், இலை, முடிந்தால் வேர் எல்லாம் உள்ள ஒரு கிளையைத் தினத்தாளுக்கு நடுவே விரித்து, ஒரு இலையையாவது திருப்பி அடிப்புறம் தெரிய வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றுங்கள். தாளைத் தினமும் மாற்ற வேண்டும், மழை நாளில் மாற்றாவிட்டால் பூசணம் பிடிக்கும். காய்ந்தால் போகிற விஷயங்களை, அதாவது பூ நிறம், மணம், பால், செடி உயரம், இதையெல்லாம் துண்டுச்சீட்டில் எழுதி கூடவே வையுங்கள்.

இது உங்கள் தோப்பில் மட்டும். அழகர்மலையும் சிறுமலையும் வனத்துறைக் காடு, அனுமதியில்லாமல் செடி எடுப்பது குற்றம். அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். இடையபட்டி வெள்ளிமலை மாதிரிக் கோயில் காடுகளில் காய்ந்த குச்சியைக்கூட எடுக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அங்கெல்லாம் படம் போதும்.

பெயர் கிடைத்த பிறகு

பார்த்தீனியமோ ரிவினாவோ என்று தெரிந்தால் பூ காயாகும் முன் வேரோடு எடுத்துவிடுங்கள், பார்த்தீனியத்துக்குக் கையுறை அவசியம். மற்றவற்றுக்கு அவசரம் இல்லை. இனம் வரைதான், அதாவது அறிவியல் பெயரின் முதல் பாதி மட்டும்தான் தெரிந்தது என்றால் அப்படியே எழுதி வையுங்கள்: ‘ஜஸ்டீசியா (கனகாம்பரக் குடும்பம்), எது என்று தெரியவில்லை, கார்த்திகையில் பூ பார்க்கணும்.’ தெரியாத பாதியை யூகத்தால் நிரப்பினால் அடுத்த வருடம் நீங்களே அதை நம்பிவிடுவீர்கள். பெயர்ப்பலகைக்கு மார்க்கர் பேனா வேண்டாம், ஒரு கோடைக்குள் வெளுத்துவிடும். காலி குளிர்பான டின்னை வெட்டி, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்து பள்ளமாகப் பதிந்து நிற்கும். அதைச் செடியில் கட்டாமல் பக்கத்தில் ஒரு குச்சி நட்டுக் கட்டுங்கள், தண்டு பருத்தால் கம்பி இறுக்கிவிடும்.